நங்கூரத் தெருவில் இறங்கிப்போன பாஸ் டிரம்

தூத்துக்குடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் நங்கூரத் தெருவில், மாடி வீட்டு மெடில்டாவின் டிரம் மெஷினிலிருந்து பாஸ் டிரம் சத்தம் படியிறங்கிப் போய் ஞானதிரவியத்தின் பேக்கரி வாசலில் நின்றுகொண்ட வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது அந்த வருஷம் மழையே பெய்யாமல் போனதைப் பற்றித்தான், அப்புறம் கடலில் சீலா மீன் வராததைப் பற்றி, அதற்கும் அப்புறம்தான், கேட்டவர் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், பாஸ் டிரம்மைப் பற்றி.

மெடில்டாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில், காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஏறி இறங்கும் லாரிகளுக்கு எடைச்சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் மின்னிசை செய்வாள். பதினொரு வருஷமாக இதுதான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை, அந்த அறைக்குள் யாரையும் விட்டதுமில்லை. அவள் பாட்டு என்று சொன்னதைத் தெருவில் யாரும் பாட்டு என்று ஒத்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை மாதா கோயில் திருவிழாவில் அவளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள், இரண்டாவது நிமிஷத்தில் யாருடைய கறுப்புச் செருப்போ மாறிப்போய்விட்டதை மைக்கில் அறிவிக்க வேண்டியிருந்ததால் நிறுத்தினார்கள், அதன் பிறகு அதைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மெடில்டாவுக்குத்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கடற்கரையோரம் ஒரு தோட்டத்தில் மின்னிசைக்காரர்கள் கூடுகிறார்கள், அவளுக்கு நாற்பது நிமிஷம், ஆனால் லேப்டாப் கூடாது, மேடையில் நிற்கிறவர் கையால் எதையாவது திருப்பி, எதையாவது அழுத்தி, அங்கேயே சத்தம் பிறக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தைந்து நாள் இருந்தது. மெடில்டா சென்னையில் பழைய இசைக்கருவிகள் விற்கும் கவுஸ் பாய்க்கு போன் போட்டாள், அவர் மூன்று அனலாக் டிரம் மெஷின்களைப் பார்சல் லாரியில் அனுப்பிவைத்து, மூணையும் வெச்சுப் பாருங்கம்மா, ஒண்ண வெச்சுக்கோங்க, ரெண்ட அனுப்பிடுங்க என்றார்.

லேப்டாப்பில் இருக்கிற டிரம் ஏற்கெனவே யாரோ அடித்ததன் போட்டோ மாதிரி, எத்தனை தடவை பார்த்தாலும் அதே முகம். அனலாக் மெஷினில் ஒவ்வொரு அடியும் அந்த நொடியில் மின்சாரத்திலிருந்து பிறந்து வருவது, ஒன்று போல இன்னொன்று இருக்காது. இதை மெடில்டா படித்திருந்தாள், கேட்டிருந்தாள், கையால் தொட்டதில்லை. சாம்பல் நிறத்தில் கனமாக ஒன்று, ஆரஞ்சுப் பொத்தான்கள் வைத்த ஒன்று, இரண்டு பக்கமும் மரக்கட்டை பதித்த ஒன்று என்று மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டு, நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தாள். வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது அவசரப்படாமல், யாருடைய யோசனையும் இல்லாமல் செய்ய அவளுக்கு ஆசையாக இருந்தது.

முதல் திங்கட்கிழமை சாயங்காலம் சாம்பல் மெஷினைப் போட்டாள். அதன் பாஸ் டிரம் முதல் அடியிலேயே அவள் அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்தது. இத்தனை வருஷமாகத் தன் பாட்டுகளில் எது குறைகிறது என்று தேடிக்கொண்டிருந்தாளோ அது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, மற்ற இரண்டையும் கேட்கவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. அடியின் கார்வையை நீட்டுகிற குமிழ் ஒன்று இருந்தது. அதைக் கடைசிவரை திருப்பினாள். பாஸ் டிரம் தும் என்று விழுந்து, நீண்டு, இன்னும் நீண்டு, மேசையைவிட்டு இறங்கி, கதவிடுக்கு வழியாக வெளியே போய், பதினாறு படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி, தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து, பேக்கரி வாசலில் போய் நின்றுகொண்டது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது, பொத்தான் அழுந்தியது, பாஸ் டிரம் மட்டும் இல்லை.

கால்மணி நேரத்தில் ஞானதிரவியம் படியேறி வந்து, சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"மெடில்டா, உன் சத்தம் ஒண்ணு கீழ வந்து நிக்கி. நீ கூட்டிட்டுப் போறியா, இல்ல நான் பெஞ்சத் தள்ளிப் போடணுமா?"

"அது எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியல அண்ணாச்சி."

"எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல. யாவாரம் நடக்குற எடம். பெஞ்சத் தள்ளணுமான்னுதான் கேக்கேன்."

பெஞ்சைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் அந்த அடி நின்றது, தும், தும், தும் என்று ஒரே நிதானத்தில். அந்த இடத்துக்குள் கால் வைத்தால் உள்ளங்காலிலிருந்து நெஞ்சுவரை ஏறியது, ஒரு எட்டு வெளியே வந்தால் ஒன்றுமே கேட்கவில்லை. முதல் நாள் தெரியாமல் அதற்குள் வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று இறங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் மின்வாரியத்து லைன்மேன் வந்து, டெஸ்டரை அந்த இடத்தில் காற்றில் பிடித்துப் பார்த்து, கரண்ட் இல்லை, தைரியமாக நிற்கலாம் என்றார். மூன்றாம் நாள் வார்டு கவுன்சிலர் ஆளனுப்பி நாலு பக்கமும் வெள்ளைக்கோடு போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் முடிவதற்குள், மாவுச் சட்டியை அதற்குள் வைத்தால் ரொட்டி ஒரே சீராக உப்புகிறது என்று ஞானதிரவியம் கண்டுபிடித்தார், வீறிட்டு அழும் கைக்குழந்தையை அதற்குள் தூக்கிக்கொண்டு நின்றால் மூன்று நிமிஷத்தில் தூங்கிவிடுகிறது என்று தாய்மார்கள் கண்டுபிடித்தார்கள், துறைமுகத்திலிருந்து வருகிற மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதற்குள் நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள், ஆட்டோக்காரர்கள் வண்டியை அதற்குள் நிறுத்தி எந்த நட்டு லூசாக இருக்கிறது என்று காது வைத்துக் கேட்டார்கள். யார் எப்போது நிற்பது என்று தகராறு வந்தது, தகராறு தீர்ந்தது, பேக்கரிக் கதவில் நேரம் எழுதி ஒட்டினார்கள். பாஸ் டிரம் மெடில்டாவுடையது என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

மெடில்டா கவுஸ் பாய்க்கு போன் போட்டாள்.

"பாய், சாம்பல் மெஷின்ல பாஸ் டிரம் இல்ல."

"இருக்குமேம்மா. வெளிய எங்கனா போயிருக்கும்."

"வெளியதான் போயிருக்கு. பேக்கரி வாசல்ல நிக்கி."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க."

"இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"அனலாக்னா அப்படித்தாம்மா. டிஜிட்டல்னா வெச்ச எடத்துல இருக்கும். இது பீஸுக்குப் பீஸ் ஒரு குணம்." தேநீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எதுக்கும் மத்த ரெண்டையும் கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தாள். ஆரஞ்சுப் பொத்தான் மெஷினில் எல்லாம் சுமார், கைதட்டல் சத்தம் மட்டும் அபாரம். ஒரு கூட்டமே எழுந்து நின்று தட்டுவது போல ஈரமாக, நெருக்கமாக இருந்தது. இந்தத் தடவை அவள் எந்தக் குமிழையும் கடைசிவரை திருப்பவில்லை, ஜன்னலைக்கூடச் சாத்தியிருந்தாள், ஆனால் கைதட்டல் வெண்டிலேட்டர் வழியாகப் போய் மாதா கோயிலின் பக்கவாட்டுக் கதவில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கதவு வழியாக யார் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் நான்கு கைதட்டல் கிடைத்தது. பெரிய வாசலை விட்டுவிட்டு எல்லாரும் அந்தக் கதவு வழியாகப் போகத் தொடங்கினார்கள், பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறிய பெண்ணொருத்தி ஒரே நாளில் ஏழு தடவை போய் வந்தாள், பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் கடைசியில், நற்கருணை நேரத்தில் மட்டும் அந்தக் கதவைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அந்த வாரம் இறந்துபோன ஒரு வலைக்காரரின் பெட்டியை அந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நான்கு கைதட்டல் விழுந்தது. அவருடைய பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கட்டை வைத்த மூன்றாவது மெஷினிலிருந்து எதுவும் போகவில்லை. அதில் எல்லாச் சத்தமும் சரியாக இருந்தது, எடைச்சீட்டு சரியாக இருப்பதுபோல. மெடில்டா மூன்று நாள் அதன்முன் உட்கார்ந்து பார்த்தாள், நான்காம் நாள் தாளில் போட்ட மூன்று கட்டங்களையும் குறுக்கே அடித்துவிட்டுக் காய்கறி வாங்கக் கீழே இறங்கினாள். இறங்கினால் தெரு முழுக்க யோசனை.

"அந்தக் கட்டை வச்சதையே எடுத்துக்கயேன். வீட்டுக்கு லெட்சணமா இருக்கும்" என்றாள் கீரை விற்கிறவள்.

"ஆரஞ்சுதான் நல்லது மெடில்டா, தூசி தெரியாது" என்றார் லாண்டரிக்காரர்.

"எதையும் எடுத்துக்க, இந்தத் தும் சத்தத்த மட்டும் விட்டுரு" என்றார் ஞானதிரவியம், அவளுக்கு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தபடி. "உனக்கு இன்னும் ரெண்டு மெஷின் இருக்குல்லா."

"அண்ணாச்சி, பதினோரு வருஷத்துல என் பாட்ட ஒரு நாள் முழுசாக் கேட்டிருக்கியளா நீங்க?"

"பாட்டு எங்களுக்கு ஆகாதும்மா. சத்தம் ஆகுது."

மெடில்டா சாயங்காலம் முழுக்க எரிச்சலோடு இருந்தாள். தன்னை விரும்பாத ஒரு தெருவைப் பொறுத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள். தன் பாட்டை வேண்டாம் என்றுவிட்டு, அதிலிருந்து நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிற தெருவை என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தொம்மை அந்த வெள்ளைக்கோட்டுக்குள் வந்து நின்றார். தொம்மைக்கு நாற்பத்தெட்டு வயது, கப்பல்களை இழுத்து வருகிற டக் படகில் இஞ்சின் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு காதும் முழுக்கப் போய்க் கரைக்கு வந்தவர். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் பேசுகிறபோது தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருமுனைவரை கேட்கும்படி பேசுவார். மனைவி ஆக்னேஸோடு பன் வாங்க வந்தவர், அவள் சில்லறை எண்ணுகிற நேரத்தில் வெள்ளைக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சின் ஓடுது" என்றார்.

ஆக்னேஸ் இல்லை என்று கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது ஆக்னேசு. எனக்குத் தெரியாதா?"

ஞானதிரவியம் கடை சாத்துகிறவரை தொம்மை அங்கேயே நின்றார். மறுநாளிலிருந்து கதவில் ஒட்டிய தாளில் நான்கிலிருந்து ஆறுவரை தொம்மை என்று எழுதினார்கள், அந்த இரண்டு மணி நேரத்தில் அழுகிற குழந்தையைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார். மெடில்டா ஜன்னலிலிருந்து அவரைப் பார்ப்பாள், அவருடைய காலடியில் கிடப்பது தன்னுடைய பாஸ் டிரம் என்பதையும் பார்ப்பாள், ஜன்னலைச் சாத்துவாள்.

புதுச்சேரிக்குப் பத்து நாள் இருந்தபோது அவள் மறுபடி கவுஸ் பாயைக் கூப்பிட்டாள்.

"அது எங்க நிக்குதோ அங்கயே மெஷினக் கொண்டு போங்க" என்றார் அவர். "ப்ளக்கப் போட்டு ப்ளே அழுத்துங்க. வீடு தெரிஞ்சா உள்ள வந்துரும்."

"அந்த ஆரஞ்சு மெஷின் கைதட்டல்?"

"அது இருக்கட்டும். கைதட்டல் இல்லாத பீஸ் ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காரு. அவருக்குக் கைதட்டல் புடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசைக்குத் தெரு காலியானது. ஞானதிரவியமும் கடையைப் பூட்டிவிட்டுத் தன் சபைக் கோயிலுக்குப் போயிருந்தார். மெடில்டா மாடியிலிருந்து ஒரு நீளமான ஒயரைப் படி வழியாக இறக்கி, சாம்பல் மெஷினை இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்தாள். திருட வந்தவள் மாதிரி இருந்தது. திருட்டுப் போனது தன்னுடைய பொருள்தான் என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

வெள்ளைக்கோட்டுக்குள் தொம்மை நின்றுகொண்டிருந்தார். பூசையில் சாமியாருடைய வாய் அசைவதைத் தவிர அவருக்கு ஒன்றும் இல்லாததால் அவர் போவதில்லை என்பதை அவள் மறந்துவிட்டிருந்தாள். அவர் மெஷினைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், அது எங்கிருந்து வருகிறது என்று மாடிவரை கண்ணால் போய்த் திரும்பி வந்தார். மெடில்டா மெஷினைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பையிலிருந்த எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். இது என் மெஷின்ல இருந்து வந்தது தொம்மையண்ணே. எனக்கு வேணும். புதுச்சேரில வாசிக்கணும்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"உன்னோடதா?"

அவள் தலையாட்டினாள். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள், பதினொரு வருஷம், செருப்பு அறிவிப்பு, எல்லாம் தயாராக இருந்தது.

"அப்ப எடுத்துக்க" என்றார் அவர், தெருவே கேட்கும்படி. "நான் வெளிய போ மாட்டேன். நின்னுக்கிட்டே இருக்கேன், நீ எடு."

அவள் ப்ளேயை அழுத்தினாள். பாஸ் டிரம் ஒரு தடவை தயங்கியது. பிறகு தொம்மையின் நெஞ்சிலிருந்து இறங்கி, முழங்கால் வழியாக, உள்ளங்கால் வழியாக, தரையில் ஊர்ந்து பெஞ்சின் காலைப் பிடித்து ஏறி மெஷினுக்குள் போய்விட்டது. ஸ்பீக்கர் இல்லாததால் எந்தச் சத்தமும் இல்லை, மெஷினின் தகடு மட்டும் லேசாக அதிர்ந்தது. தொம்மை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நின்னுருச்சு" என்றார், இஞ்சின் அறையிலிருந்து மேலே கேப்டனுக்குச் சொல்வதுபோல. அப்புறம் வீட்டைப் பார்த்து நடந்தார்.

மெடில்டா ஒயரைச் சுருட்டினாள். முழங்கையில் சுற்றிச் சுற்றி அதைச் சுருட்டி முடிப்பதற்கு வெகுநேரம் ஆனது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஞானதிரவியம் அவள் வருவதற்கு முன்பே ரொட்டியைக் கட்டி வைத்திருந்து, வாம்மா என்று சொல்லாமல் நீட்டினார். வெள்ளைக்கோட்டுக்குள் அவர் பெஞ்சைத் திரும்பப் போடவில்லை, காலையில் கடை திறந்ததும் அந்த இடத்தை மட்டும் தனியாகப் பெருக்கினார். அவள் ஆரஞ்சு மெஷினையும் கட்டை மெஷினையும் பார்சலில் சென்னைக்கு அனுப்பினாள். நான் சாம்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், தேர்ந்தெடுத்தவளுடைய குரலாக அது வரவில்லை. நான்காம் நாள் ஆக்னேஸ் படியேறி வந்து, கதவுக்கு வெளியே நின்றாள்.

"நான் ஒண்ணும் கேக்க வரல" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "உன் சாமான், நீ எடுத்துக்கிட்ட. அதுல தப்பில்ல."

"பின்ன என்னக்கா?"

"அவுக வீட்டுல பிரிட்ஜு மேல கைய வச்சுக்கிட்டு நிக்காவ. பிரிட்ஜு நின்னா மோட்டார் ரூமுக்குப் போயிருதாவ, தண்ணி மோட்டார்ல கைய வச்சுக்கிட்டு. தொட்டி நெறஞ்சு வழியுது. நேத்து எதுத்த வீட்டு மாவு மில்லுல போயி நின்னுருக்காவ. இது உனக்குத் தெரியணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"தெரிஞ்சு நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தெரிஞ்சு வச்சுக்க" என்றுவிட்டு ஆக்னேஸ் இறங்கிப் போனாள். மெடில்டாவுக்கு அவள் முதுகைப் பார்த்து எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது, மேசையில் இருந்தது மெஷின் ஒன்றுதான்.

புதுச்சேரியில் அவளுக்குக் கொடுத்த நாற்பது நிமிஷமும் யாரும் எதையும் அறிவிக்கவில்லை. சாயங்கால வெளிச்சம் இருந்தது, தென்னைமரங்களுக்கு நடுவில் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள், முதல் அடி விழுந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், ஐந்தாவது நிமிஷத்தில் ஆடத் தொடங்கினார்கள், கடைசி நிமிஷத்தில் கூட்டம் இரண்டு மடங்காக இருந்தது. எல்லாம் அவள் பதினொரு வருஷம் நினைத்துப் பார்த்த மாதிரியே நடந்தது. பாஸ் டிரம் திரும்பி வந்ததிலிருந்து அதில் எங்கேயோ ஒரு சின்ன இடறல், காலில் சிக்கிய மணல் மாதிரி, அவளுக்கு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை, கேட்டவர்கள் யாரும் கவனிக்கவுமில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் தான் சந்தோஷமாக இருக்கிறோமா என்று யோசித்தாள். ஊர் வரும்வரை அதையே யோசித்தாள்.

வந்த அன்று மத்தியானமே ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தாள். குமிழைக் கடைசிவரை திருப்பி, பொத்தானை அழுத்தினாள். தும் என்று விழுந்தது, நீண்டது, தேய்ந்தது, முடிந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே வெள்ளைக்கோட்டுக்குள் ஞானதிரவியம் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி செய்தாள், புதன்கிழமை மெஷினையே கீழே தூக்கிக்கொண்டுபோய்ப் பேக்கரிப் பெஞ்சில் வைத்து, தெருவே சுற்றி நின்று பார்க்க, இருபது தடவை அடித்தாள். பாஸ் டிரம் மெஷினுக்குள்ளேயே இருந்தது.

"அது ஒருவாட்டி திரும்பி வந்துச்சுன்னா அப்புறம் போவாதும்மா" என்றார் கவுஸ் பாய். "பழகிரும். நீங்க லக்கி."

அவள் போனை வைத்தாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அறைக்கதவு திறந்தது. தொம்மை, கூப்பிடாமல் கொள்ளாமல், செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்த அறைக்குள் பதினொரு வருஷத்தில் வேறு யாரும் கால் வைத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரியப்படுத்த அவள் தாள் தேடுவதற்குள் அவர் மூலையில் இருந்த பெரிய ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்தார். அவள் ஒரு பாட்டின் நடுவில் இருந்தாள். ஒன்பது விதமான சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது அது இல்ல" என்றார்.

அவள் அதுதான் என்று எழுதிக் காட்டினாள்.

"மத்தத நிறுத்து."

எரிச்சலோடு ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஜால்ரா போல ஒன்று, தண்ணீர் சொட்டுவது போல ஒன்று, இரண்டு மாதம் உழைத்துச் செய்த நீண்ட கம்பிச் சத்தம் ஒன்று. கடைசியில் பாஸ் டிரம் மட்டும் மிஞ்சியது. தொம்மையின் தோள் மெல்ல இறங்கியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மெடில்டா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, அவர் எப்போது போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் போயிற்று. கால்மணி நேரம் போயிற்று. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டாவது அடி பிந்துது."

இது மெஷின், பிந்தாது என்று எழுதினாள்.

"இஞ்சினும் மெஷின்தான்" என்றார் அவர். "ஒண்ணு, மூணு, நாலு சரியா விழுது. ரெண்டு பிந்துது. மயிரிழைதான். அங்க தரையில நிக்கையில தெரியல, கையில தெரியுது."

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தன் கையையும் ஸ்பீக்கரின் மேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. காலில் சிக்கிய மணல் அங்கேதான் இருந்தது. எழுந்து போய், மெஷினின் பின்பக்கத்தில் தாளத்தைச் சரிசெய்கிற சின்னத் திருகை ஸ்குரூடிரைவரால் ஒரு துளி திருப்பினாள். தொம்மை இல்லை என்று தலையசைத்தார். இன்னொரு துளி. அவர் விரலை உயர்த்தி, கொஞ்சம் பின்னால் வா என்பதுபோலக் காட்டினார். அரைத் துளி பின்னால் வந்தாள்.

"ம்" என்றார் தொம்மை.

மெடில்டா நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிலும் தட்டாமல், அறையைக் கடந்து போயின. இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது இப்போது இல்லை. புதுச்சேரியில் நாற்பது நிமிஷம் அத்தனை பேருக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு வாசித்தோமே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது, அது துக்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. தாளை எடுத்து, பேனா கிழிக்கும்படி அழுத்தி எழுதினாள். நாளைக்கு வராதீங்க. எனக்கு நிறைய வேலை இருக்கு.

தொம்மை அதைப் படித்தார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப்பையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆறு மணிவரை இருந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, படியிறங்கிப் போனார்.

மறுநாள் மெடில்டா இரண்டரைக்கே வேலையைத் தொடங்கி, ஒன்பது சத்தங்களையும் ஓடவிட்டு, நீண்ட கம்பிச் சத்தம் எங்கே நுழைய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவர் கதவைத் தட்டினார், உள்ளேயிருந்து வருகிற பதில் எப்படியும் தனக்குக் கேட்கப்போவதில்லை என்பதால் காத்திருக்காமல் திறந்துகொண்டு வந்தார், மூலைக்குப் போய் உட்கார்ந்து கையை வைத்தார். மெடில்டா அவரைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஜால்ராவை நிறுத்தினாள், தண்ணீர்ச் சொட்டை நிறுத்தினாள், பாஸ் டிரம்மைத் தவிர ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு வந்தாள்.